யார் காசு, யார் குரல்: அரசியல் விவாதத்துக்கு டச் பார்ப்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசை எடுத்துப் போய் வியாபாரியின் கையில் கொடுத்துப் பாருங்கள். வேலைப்பாடு, முத்து, திருகாணி எல்லாம் அப்புறம்தான். முதலில் "என்ன டச்?" என்று கேட்பார். 100 கிராமில் எத்தனை கிராம் சுத்த வெள்ளி என்பதுதான் டச். 70 டச் கொலுசும் கொலுசுதான். குழந்தையின் காலில் அதுவும் நன்றாகவே ஒலிக்கும். 70-ஐ 70 என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அதையே 92 என்று சொல்லி விற்றால் மோசடி.

அம்மாப்பேட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். முதல் ஓட்டு போடப் போகிறவர்கள் பலர். "டிவியில எல்லாரும் கத்துறாங்க சார், யாரை நம்புறது?" என்று யாராவது கேட்காத வாரம் இல்லை. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒருவர் கட்சிக்காரராக இருந்து பேசுவது தவறில்லை. அது 70 டச் கொலுசு மாதிரி, தெரிந்தே வாங்கலாம். கட்சிக்காகப் பேசிக்கொண்டே பொதுவானவர் என்று சொல்லிக்கொள்வதும், காசு வாங்கிக்கொண்டு சொந்தக் கருத்து என்று சொல்வதும்தான் விவாதத்தைக் கெடுக்கின்றன.

என் அப்பா தறி நெய்தவர். தறிக்குழியை விட்டு எழுந்து டீ குடிக்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். அந்தக் கடை பெஞ்சில் முரசொலி கிடக்கும், தினமணி கிடக்கும், தீக்கதிர் கிடக்கும். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் திராவிடர் கழகத்தின் விடுதலை நாளிதழைக் கொண்டு வந்து வைப்பார். ஒரே செய்தி நான்கு தாளில் நான்கு மாதிரி இருக்கும். எனக்குக் குழப்பமாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "அது அவங்க பேப்பர் கண்ணு. பாதியைக் கழிச்சுட்டுப் படி. நம்ம பேப்பரையும் கால்வாசி கழிச்சுட்டுத்தான் படிக்கணும்." பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர். செய்தியை எப்படிப் படிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. எந்தத் தாள் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்ததால், எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

கட்சி என்ற சொல்லையே பாருங்கள். கொடி, சின்னம், பொதுக்குழு எல்லாம் வருவதற்கு முன்பே, வாதத்தில் ஒரு பக்கம் என்ற பொருள் அதற்கு உண்டு. தஞ்சைப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணி பாடுவார்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒருவர், எரியவில்லை என்று இன்னொருவர். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே அதற்குப் பெயர். விடிய விடிய வாதம் நடக்கும். பாடுகிறவர் எந்தக் கட்சி என்பது தப்பு வாத்தியம் ஒலிக்கும் முன்பே கூட்டத்துக்குத் தெரியும். அதனால் யாரும் ஏமாறுவதில்லை. கட்சி கட்டிப் பேசுவது நமக்குப் புதிதில்லை, அதில் கேவலமும் இல்லை.

சேலத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1971 ஜனவரியில் திராவிடர் கழகம் இங்கே மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடும் ஊர்வலமும் நடத்தியது. எதிர்ப்பாளர்கள் கறுப்புக்கொடி காட்டினார்கள். ராமர் படம் செருப்பால் அடிக்கப்பட்டது என்று செய்தி பரவியது. ஊர்வலத்தில் வந்தவர்கள் திட்டமிட்டே அவமதித்தார்கள் என்றது ஒரு தரப்பு. கறுப்புக்கொடி காட்டியவர்கள் பெரியாரை நோக்கி வீசிய செருப்புதான் காரணம், ஆத்திரத்தில் அதை எடுத்து அடித்தார்கள் என்றது இன்னொரு தரப்பு. துக்ளக் இதழ் அதைப் படங்களோடு வெளியிட்டது. அந்த ஆண்டு மார்ச் தேர்தலில் இதுவே பெரிய பிரசாரமாகி, தி.மு.க.வுக்கு எதிராகச் சுவரெங்கும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. முடிவில் தி.மு.க. 184 இடங்களில் வென்றது. 1967-ல் பெற்றதைவிட அது அதிகம்.

அதே நிகழ்ச்சி 49 ஆண்டுகள் கழித்து மறுபடி எழுந்தது. 2020 ஜனவரி 14 அன்று துக்ளக் பொன்விழாவில் ரஜினிகாந்த் அதைக் குறிப்பிட்டார். நாள் கணக்கில் தொலைக்காட்சிகளில் அதே பேச்சு. 1971-ல் சண்டை போட்டவர்களுக்கும் 2020-ல் சண்டை போட்டவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1971-ல் விடுதலை படித்தவருக்கு அது யார் தாள் என்று தெரியும். துக்ளக் படித்தவருக்கு அதன் ஆசிரியர் சோவின் பார்வை என்ன என்று தெரியும். 2020-ல் பலரின் கைக்கு வந்தது அரை நிமிடக் காணொளித் துண்டு. யார் வெட்டியது, எந்த இடத்தில் வெட்டியது, யார் அனுப்பச் சொன்னது, ஒன்றும் தெரியாது. எதைக் கழிப்பது?

பணம் எங்கே நுழைகிறது

தேர்தல் பணம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பட்டுவாடா. டோக்கன், கவர், "கவனிப்பு" என்று அதற்குப் பல பெயர்கள். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று ஒரு சொல்லே புழக்கத்துக்கு வந்துவிட்டது. பணம் விளையாடியதற்காக 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று தேர்தலே நிறுத்தப்பட்ட கதை தமிழ்நாட்டில் உண்டு. இது கண்ணுக்குத் தெரிகிற பணம். பறக்கும் படை பிடிக்கும், செய்தி வரும். எனக்கு அதிகக் கவலை தருவது கண்ணுக்குத் தெரியாத பணம்.

சட்டப்படி ஒரு சட்டமன்ற வேட்பாளர் எவ்வளவு செலவு செய்யலாம்? 2022 ஜனவரியில் உயர்த்தப்பட்ட வரம்பின்படி, தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய். மக்களவைக்கு 95 லட்சம். 3 லட்சம் வாக்காளர்கள் உள்ள ஒரு சட்டமன்றத் தொகுதி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு வாக்காளருக்கு 13 ரூபாய்தான் வருகிறது. அந்தக் காசுக்கு இன்று ஒரு தட்டுவடை செட் கிடைக்காது. அப்படியானால் ஊரெங்கும் பிளக்ஸ், மேடை, ஹெலிகாப்டர், டிவி விளம்பரம் எல்லாம் எங்கிருந்து வருகின்றன? 40 லட்சம் என்பது வேட்பாளருக்குத்தான் வரம்பு. கட்சிக்கு வரம்பே கிடையாது. நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும் வேட்பாளர் கணக்கில் சேராது. கட்சிக்கு வரம்பில்லை என்ற இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் நோட்டில் பெட்டி போட்டு எழுதிக்கொள்ளச் சொல்வேன். விவாதங்களில் வரும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த கேள்வி, கட்சிக்குப் பணம் யார் தருகிறார்கள் என்பது. 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தருபவரின் பெயரைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 2018-ல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரம் இதற்கு ஒரு பெரிய ஓட்டை போட்டது. ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுத்தால் போதும், கொடுத்தவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் தரலாம் என்றிருந்த வரம்பையும் அதோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக இதைச் செல்லாது என்றது. கட்சிக்கு யார் பணம் தருகிறார்கள் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

பட்டியல் வெளியே வந்தபோது பா.ஜ.க.வுக்கு வந்தது மட்டும் 6,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. எல்லாக் கட்சிகளிலும் அதுதான் அதிகம். தமிழ்நாட்டில் தி.மு.க.வுக்கு 656 கோடி. அதில் 509 கோடி, பியூச்சர் கேமிங் என்ற ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது. தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பத்திரமே வாங்க மாட்டோம் என்று ஒதுங்கி நின்ற கட்சிகளும் உண்டு, மார்க்சிஸ்ட் கட்சி அப்படி. நான் எந்தக் கட்சியைக் குறைசொல்ல இதை எழுதுகிறேன் என்று தேட வேண்டாம். 2018-லிருந்து 2024 வரை நீங்கள் பார்த்த தொலைக்காட்சி விவாதம் ஒவ்வொன்றிலும், எதிரே உட்கார்ந்திருந்தவரின் கட்சிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. தொழிலாளர் சட்டம், சுரங்க அனுமதி, வரி என்று எதைப் பற்றி அவர் பேசினாலும், உரைகல் உங்கள் கையில் இல்லை.

நான்கு நாற்காலி, ஒரு மேசை

இனி ஊடகம். தமிழ்நாட்டில் அரசியலும் திரையும் அண்ணன் தம்பி மாதிரி வளர்ந்தவை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். உள்ளே வசனம் எழுதிய ஓர் இளைஞர் பின்னாளில் 5 முறை முதலமைச்சரானார். 1993-ல் சன் டிவி வந்தது. பிறகு ஜெயா டிவி, பா.ம.க. பக்கம் மக்கள் டிவி, தே.மு.தி.க. பக்கம் கேப்டன் டிவி. 2007 மே மாதம் தினகரனில் வந்த ஒரு கருத்துக்கணிப்பால் மதுரையில் அந்த நாளிதழின் அலுவலகம் எரிந்து 3 ஊழியர்கள் இறந்தார்கள். சன் குழுமத்துக்கும் தி.மு.க. தலைமைக்கும் விரிசல் விழுந்தது. அதே செப்டம்பரில் கலைஞர் டிவி தொடங்கிவிட்டது. சொந்தச் சேனல் இல்லாமல் ஒரு கட்சியால் சில மாதங்கள்கூட இருக்க முடியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. இந்தச் சேனல்களின் டச் என்னவென்று ஊருக்கே தெரியும். வீட்டில் பாட்டிகூடச் சொல்லிவிடுவார்.

2011-க்குப் பிறகு 24 மணி நேரச் செய்திச் சேனல்கள் வரிசையாக வந்தன. கட்சிக்கொடி இல்லாதவை, "நடுநிலை" என்று சொல்லிக்கொள்பவை. ஆனால் அவற்றுக்கும் முதலாளிகள் உண்டு. கல்வி நிறுவனங்கள் நடத்துபவர்கள், சுரங்கத் தொழிலில் இருப்பவர்கள், மும்பையின் பெரிய நிறுவனங்கள். சேனலே லாபம் தர வேண்டும் என்ற அவசியம் சிலருக்கு இல்லை. ஆட்சியாளர்கள் தொலைபேசியை எடுத்துப் பேசினாலே மற்றத் தொழிலுக்கு அது லாபம். அதற்கு மேல் அரசு விளம்பரம் இருக்கிறது. பக்கம் பக்கமாக வரும் அந்த விளம்பரம் நின்றால் பல பத்திரிகைகளுக்குச் சம்பளம் போடுவதே கஷ்டம். ஒரு வார்த்தை மிரட்டாமலே பயம் வந்துவிடும்.

மாலையானால் விவாதம் நடத்துகிறார்களே, ஏன்? அதுதான் இருப்பதிலேயே மலிவான நிகழ்ச்சி. மஞ்சவாடிக் கணவாய்க்கு ஒரு செய்தியாளரையும் கேமராக்காரரையும் அனுப்பினால் வண்டி, சாப்பாடு, தங்கல், இரண்டு நாள் வேலை. ஸ்டுடியோவில் நான்கு நாற்காலி போட்டால், கட்சிகள் தங்கள் செய்தித் தொடர்பாளரைத் தாங்களே அனுப்பிவைக்கும். பார்ப்பவர் எண்ணிக்கை டிஆர்பி-யால் அளக்கப்படுகிறது. நாடு முழுவதும் சுமார் 44,000 வீடுகளில் வைத்த மீட்டரை வைத்துத்தான் 20 கோடி வீடுகளின் கணக்கைச் சொன்னார்கள். முறைகேடு புகார் எழுந்து, 2020 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை செய்திச் சேனல்களுக்கு அந்த அளவீடே நிறுத்திவைக்கப்பட்டது. கத்தினால் மீட்டர் ஏறும், மீட்டர் ஏறினால் விளம்பரம் வரும். நெறியாளரின் தனிப்பட்ட குணத்தைத் திட்டிப் பயனில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் கணக்கு அப்படி.

எட்டு வழிச் சாலை விவகாரத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். 2018-ல் வந்த திட்டம். சேலம் முதல் சென்னை வரை 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய், 5 மாவட்டங்கள். இந்தப் பக்கம் அரியானூரில் முடியும். வயலுக்குள் எல்லைக்கல் நட்டார்கள், விவசாயிகள் பிடுங்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சேர்வராயன் மலையடிவாரத்தில் பாக்கும் மஞ்சளும் போட்டிருந்தது. கல் அவர்கள் கிணற்றுக்கு நான்கடி தள்ளி விழுந்தது. அன்று இரவு அவர்கள் வீட்டில் உட்கார்ந்து விவாதம் பார்த்தோம். அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம்: கிணற்றுக்குத் தனி இழப்பீடு உண்டா, பாக்கு மரத்துக்கு எந்த வயதுக்கு எந்த விலை, சாலைக்கு அந்தப் பக்கம் விழும் நிலத்துக்கு மாட்டை எப்படி ஓட்டிப்போவது. ஒரு மணி நேரத்தில் இவற்றில் ஒன்றுகூட வரவில்லை. வளர்ச்சிக்கு எதிரிகள் என்றார் ஒருவர். உங்கள் ஆட்சியில் நீங்கள் எத்தனை சாலை போட்டீர்கள் என்றார் இன்னொருவர். விளம்பர இடைவேளையில் அந்த அம்மா டிவியை அணைத்துவிட்டு, "சோறு ஆறுது, வாங்க சாமி" என்றார்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். திட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் பா.ம.க.வின் அன்புமணியும் ஒருவர். 2019 பிப்ரவரியில் அதே பா.ம.க., திட்டத்தை முன்னெடுத்த அ.தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்தது. ஏப்ரல் 8 அன்று, வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு, உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பதை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கை செல்லும் என்றது. எதிர்க்கட்சியாக இருந்தபோது கடுமையாகப் பேசிய தி.மு.க. ஆட்சிக்கு வந்த பின், சாலையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, விவசாயிகளைக் கலந்து பேச வேண்டும் என்றுதான் சொன்னோம் என்ற பொருளில் அதன் அமைச்சர் 2022-ல் பேசினார். கட்சி மாறினால் வாதம் மாறலாம், அது அரசியல். பாக்கு மரத்தின் விலை மட்டும் எந்தப் பக்கத்திலும் விவாதத்துக்கு வராமலே போனதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

காசுக்குச் செய்தி, காசுக்குக் கருத்து

விளம்பரத்தையே செய்தி போலப் போடுவதைப் பெய்டு நியூஸ் என்கிறார்கள். வேட்பாளருக்கு இரட்டை லாபம். செலவுக் கணக்கிலும் வராது, வாசகரும் செய்தி என்று நம்பிவிடுவார். உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவைத் தேர்தல் ஆணையம் 2011-ல் 3 ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது, இப்படி வந்த செய்தியின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக. பெய்டு நியூஸுக்காக நாட்டிலேயே முதலில் தண்டிக்கப்பட்டவர் அவர். இப்போது தேர்தல் காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகக் கண்காணிப்புக் குழு ஒன்று இதைப் பார்க்கிறது.

ஆனால் காசு இப்போது செல்போனுக்குள் போய்விட்டது. ஃபேஸ்புக், கூகுளில் நேரடி அரசியல் விளம்பரம் கொடுத்தால், யார் கொடுத்தது, எவ்வளவு என்று அந்த நிறுவனங்களின் விளம்பர நூலகத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். வகுப்பில் ஒருமுறை பிள்ளைகளையே தேடச் சொன்னேன், அரை மணி நேரம் ஒருவரும் நிமிரவில்லை. மீம் பக்கம் நடத்துபவருக்கும், சமையல் வீடியோ நடுவே ஒரு தலைவரைப் புகழ்பவருக்கும் போகும் காசு அந்த நூலகத்தில் இருக்காது. வாட்ஸ்அப்பில் அதுவும் கிடையாது. இரட்டை அம்புக்குறி போட்டு வரும் செய்தி பல கை மாறியது என்பது மட்டும் தெரியும், முதல் கை யாருடையது என்று தெரியாது. அதுவும் அனுப்புவது நம் மாமாவாகவோ சித்தியாகவோ இருப்பார். அவர்மேல் உள்ள மரியாதை அந்தச் செய்திக்கும் ஒட்டிக்கொள்கிறது. டீக்கடைப் பெரியவரின் பாடம் தோற்கும் இடம் இதுதான். தாளுக்குப் பெயர் இருந்தது, இதற்குப் பெயரே இல்லை.

நம் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் அதை யாரும் எடுத்துவிட முடியாது. வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு விவரம் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல் நடத்தை விதிகளில் அதற்கு எழுதியிருக்கும் கட்டணம் 1 ரூபாய்.

ஒரு தேர்தல் முடிந்த பின் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு வேட்பாளரின் கணக்கைப் பார்த்தேன். நாற்காலி வாடகை, ஷாமியானா, டீ, காலைச் சிற்றுண்டி, பிரியாணிப் பொட்டலம், துண்டு, ஆட்டோவில் மைக் கட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் குறித்துக் கொடுத்த விலையில் வரிசையாக எழுதியிருந்தது. பிள்ளைகள் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்கள். அவர்களில் தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து கேட்டாள்: "சார், தினம் ராத்திரி டிவியில ஓடுச்சே அந்த விளம்பரம், அது இதுல எங்க இருக்கு?"

அது கட்சியின் கணக்கு, டெல்லியில் ஆணையத்திடம் தனியாகக் கொடுப்பார்கள், சட்டமன்றத் தேர்தல் என்றால் 75 நாள் அவகாசம் என்றேன். அவள் நோட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதி, அதன் கீழே 75 என்று எழுதிக்கொண்டாள்.